வேலையில் சேர்த்தால் போதுமா?

பெண்கள் ஆலை வேலைக்கு வர ஓர் அரசு வழி செய்கிறது. பஸ் விடுகிறது, விடுதி கட்டுகிறது, படிக்கப் பணம் தருகிறது. அப்படி வந்தவள் கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகு அந்த வேலையில் நீடிக்க முடியவில்லை என்றால், அதற்கும் அந்த அரசு பதில் சொல்ல வேண்டுமா? அது அவள் குடும்பப் பாடு என்று ஒதுங்கிக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வி மற்ற மாநிலங்களைவிடத் தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. இந்திய ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் இங்கேதான் இருக்கிறார்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் திறந்தது. அறைக்கு ஆறு பேர்.

இதைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல. 2021 டிசம்பரில் அதே வட்டாரத்தில் ஒரு தனியார் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். அதை நினைத்துப் பார்த்தால் சுத்தமான ஓர் அறையின் அருமை புரியும். ஊரிலிருந்து முதன்முறையாகக் கிளம்பி வரும் இருபது வயதுப் பெண்ணுக்குத் தன் பெயரில் விழும் சம்பளம் பெரிய பலம். கல்யாணப் பேச்சு வரும்போது "இப்ப வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் அதிலிருந்துதான் வருகிறது.

ஆனால் ஆறு கட்டில் போட்ட அறை இன்னொன்றையும் சொல்கிறது. வேலைக்கு வருபவள் தனியாள் என்று முடிவு செய்துகொண்டுதான் அந்த வரைபடம் போடப்பட்டிருக்கிறது. புருஷனுக்கோ தொட்டிலுக்கோ அங்கே இடமில்லை. கொங்குப் பஞ்சாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததும் இந்தக் கணக்குதான்: சில வருடம் உழைப்பு, முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை, அதோடு சரி. அந்தக் கொடுமையும் இன்றைய மின்னணு ஆலையும் ஒன்றல்ல. ஆனாலும் பெண்ணின் உழைப்பைக் கல்யாணம் வரைக்குமான ஏற்பாடாகப் பார்க்கும் பார்வை முழுதாகப் போய்விடவில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் புகார் எழுந்தது. நிறுவனம் மறுத்தது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது.

முதலாளி தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. தொழில் நடத்துபவர் தர்ம சத்திரம் நடத்தவில்லை. பிரசவ விடுப்புச் செலவு முழுக்க அவர் தலையில் விழுந்தால் பெண்ணை எடுக்கவே தயங்குவார். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2017-இல் விடுப்பை 26 வாரமாக உயர்த்திய சட்டம், அந்தச் சம்பளத்தை நிறுவனமே தர வேண்டும் என்றுதான் வைத்தது. பெண்ணை வேலைக்கு எடுத்தவருக்குச் செலவு, எடுக்காதவருக்கு லாபம்.

மாற்று வழி நம் கையிலேயே இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய்வரை வாங்குபவர்கள் இஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் வருகிறார்கள். சம்பளத்தில் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். ஆணென்றாலும் பெண்ணென்றாலும் ஒரே பிடித்தம். பிரசவப் பணத்தை அந்தப் பொது நிதி தருகிறது. அதற்கு மேல் சம்பளம் வாங்கும் ஐடி பெண் ஊழியருக்கு இந்த ஏற்பாடு இல்லை. தொழில்நுட்பத் துறைக்குப் பெண்கள் வர வேண்டும் என்று பேசும் அரசு, அங்கேதான் இந்தச் செலவைத் தனித்தனி நிறுவனங்களிடம் தள்ளிவிட்டிருக்கிறது.

பணம் மட்டும் போதாது என்பதும் உண்மை. இஎஸ்ஐ உள்ள ஆலையிலும் இரவு ஷிப்டுக்குப் போகும் தாய், பிள்ளையை யாரிடம் விடுவாள்? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைக் காப்பகத்துக்குப் பெண் தொழிலாளர்களை மட்டும் எண்ணியது: முப்பது பேருக்கு மேல் இருந்தால் காப்பகம். பிரசவ விடுப்பை உயர்த்திய அதே 2017 சட்டம் ஆண் பெண் எல்லோரையும் எண்ணி, ஐம்பது பேர் இருந்தால் காப்பகம் என்றது. பிள்ளை வளர்ப்பு பெண்ணின் தனிக்கடன் இல்லை என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. அறம் அந்தத் திசையில்தான் இருக்கிறது. பிள்ளையால் சமூகம் முழுதும் பயன் பெறுகிறது. செலவை மட்டும் தாயும் அவளை வேலைக்கு வைத்தவரும் சுமப்பது முறையாகாது.

எனவே முதலில் கேட்ட கேள்விக்குப் பதில், ஆம், அரசு பொறுப்பேற்கத்தான் வேண்டும். அழைத்து வந்ததோடு நின்றால் அதற்கும் ஆள் பிடிக்கும் மேஸ்திரிக்கும் வித்தியாசம் இருக்காது. தொழிற்பூங்காவில் விடுதி கட்டும்போதே குடும்ப வீடுகளும் மூன்று ஷிப்டுக்கும் திறந்திருக்கும் காப்பகமும் வேண்டும். பிரசவச் செலவு எல்லாச் சம்பளத்துக்கும் பொது நிதிக்கு வர வேண்டும். நிலமும் சலுகையும் கேட்டு வரும் நிறுவனத்திடம் எத்தனை பெண்களை எடுப்பீர்கள் என்பதோடு, தாயான பிறகு எத்தனை பேர் உங்களிடம் நீடிக்கிறார்கள் என்ற கணக்கையும் ஆண்டுதோறும் கேட்டு வாங்க வேண்டும்.