பொதிகைச் சிகரமும் பெண்ணின் பாதமும்

பொதிகை மலைக்கு யாத்திரை செல்லக் கருதும் அடுகோடி அன்பர்கள் சிலர், நம் சங்கத்துத் தாய்மாரையும் உடன் அழைத்துச் செல்லலாமா என்று வினவினர். மலைவாழ் மக்கள் மனம் நோவரே, அவ்வாறு நோகச் செய்தல் அகிம்சை ஆகுமோ என்பது அவர்தம் ஐயம். எளிய வினாவன்று இது. ஆராய்ந்தே விடை காண வேண்டும்.

பொதிகை நமக்கு அயல் மலையன்று. பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரனார், அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்கின்றார். ஏழாம் நூற்றாண்டின் சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அவலோகிதர் உறையும் போதலகம் என்னும் மலை தென்னாட்டில் உண்டெனக் குறித்தார். அப்போதலகமே பொதிகை என்பர் ஆராய்ச்சியாளருள் சிலர்.

1,868 மீட்டர் உயர்ந்த அச்சிகரம் அகத்தியர்கூடம் எனப்படும். கேரள வனத்துறையின் அனுமதி பெற்று, போனக்காட்டிலிருந்து வழிகாட்டியுடன் ஏறுவர். அடர்ந்த மழைக்காட்டையும் ஓடைகளையும் அருவிகளையும் கடந்து அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் ஒரே பகலில், கயிறு பற்றிப் பாறையேறிச் சிகரம் கண்டு மீள்வர்.

அக்காட்டின் தொல்குடிகள் காணி மக்கள். 1987ஆம் ஆண்டில் அங்குச் சென்ற விஞ்ஞானிகள் களைத்திருக்க, உடன்சென்ற காணி வழிகாட்டிகள் ஒரு சிறு கனியைத் தின்று களைப்பின்றி நடந்தனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியைக் காட்டிக் கொடுத்தவர் அவர்களே. அதிலிருந்து ஆக்கிய மருந்தின் உரிமத் தொகையில் ஒரு பங்கு பின்னர் அம்மக்களுக்கு அளிக்கப்பெற்றது.

அகத்தியர் பிரமசாரி, ஆதலின் பெண்கள் சிகரம் ஏறலாகாது என்பது காணி மக்களின் வழக்கம். வனத்துறையாரும் நெடுங்காலம் பெண்களைச் சிகரத்துக்கு விடவில்லை. பால் வேற்றுமை காட்டித் தடுத்தல் கூடாதெனக் கேரள உயர்நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில், அத்தீர்ப்புக்குப் பின் முதற்பெண்ணாகத் தன்யா சனல் சிகரம் ஏறினார். காணி மக்களில் பலர் வருந்தினர்.

இனி ஐயத்துக்கு வருவோம். ஒருவர் மனம் நோவது மட்டுமே ஒரு செயலைத் தீதாக்குமா? வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்க, 1924இல் நம்போன்றார் உரிமை கேட்டபோது, மேற்குலத்தார் மனமும் நொந்ததன்றோ? 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆலயக் கதவுகளைத் திறந்தபோதும் நொந்ததன்றோ? பொதிகைச் சாரலும் அன்று அவ்வரசின் கீழிருந்ததே. பிறரைத் தடுக்க இயலாமற் போவதால் வரும் நோவு வேறு. பிறப்பால் தடுக்கப்படுவதால் வரும் நோவு வேறு. முன்னது பழக்கம் அறுவதால் வருவது. பின்னது மானுடம் அறுபடுவதால் வருவது.

மேலும், ஒருவருடைய விரதம் அவருடைய சித்தத்தில் நிற்பது. பிறருடைய பாதம் பட்டுக் குலையுமாயின் அது விரதமாகுமோ? மகாபிரசாபதி கௌதமியைச் சங்கத்தில் ஏற்ற பகவான் புத்தரின் வழிவந்த நாம், பெண்ணின் பாதம் மாசு என்று எவ்வாறு ஒப்புவோம்?

எனினும் ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. வைக்கத்தில் தடுத்தவர் வலியர். இங்குத் தடுப்பவர் எளியர். காட்டையன்றி வேறு செல்வம் அறியாத அம்மக்கள்மீது நகரத்தாரின் சட்டம் மேலிருந்து இறங்கிற்று. ஆகவே உரிமையைக் கைவிடவும் வேண்டா. வெற்றி முழக்கம் செய்யவும் வேண்டா.

நாம் கூறும் முடிவு இதுவே. நம் தாய்மார் தாராளமாக வருக. வழிகாட்டிக்கு உரிய ஊதியத்தைப் பேரம் பேசாது கொடுப்போம். நம் சுமையை நாமே சுமப்போம். அவர்தம் வழிபாட்டை எள்ளாமல் விலகி நிற்போம். காட்டில் குப்பை இடோம். ஒரு வழிகாட்டி, பெண்களுடன் வர என் மனம் இசையவில்லை என்பாராயின், அவரை வற்புறுத்தாது, இசைபவர் வரும்வரை காத்திருப்போம். நம் உரிமை அவருடைய கால்களின்மீது செல்லாது.

நமக்கு நேர்ந்த தடைகளை மட்டும் எண்ணுவது தன்னலம். பெண்ணுக்கு நேர்ந்ததையும், அவளைத் தடுத்தவனுக்கு நேர்ந்ததையும் ஒருங்கே எண்ணுவதே கருணை. அவலோகிதர் என்னும் பெயர் உணர்த்துவதும் அனைவரையும் நோக்கும் அக்கருணையையே யன்றோ?

சகல உயிர்களும் நலம் பெறுக!