தன் கையால் வந்த தொல்லை

துன்பத்தில் இருப்பவனுக்கு உதவ வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், அத்துன்பத்தை அவன் தன் கையாலேயே வருவித்துக் கொண்டிருந்தால்? ஒருமுறையன்று, பலமுறை எச்சரித்த பின்னும் வருவித்துக் கொண்டால்? அப்பொழுது உதவ வந்தவன் முகம் சுளிக்க உரிமை பெறுகிறானா?

இவ்வினாவை என் முன் கொணர்ந்து வைத்தவர் என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர். சென்னையில் ஓர் அலுவலகத்தில் கணிப்பொறிகளைச் செம்மை செய்து, அவற்றைக் கையாளுவோருக்கு உதவும் பணியில் இருக்கிறார். விடுமுறையில் ஊர் வந்தவர், "ஹஜ்ரத், பிறர் செய்யும் பிழையைத் துடைப்பதே என் பிழைப்பாகிவிட்டது" என்றார். மின்கம்பியைச் செருகாமலேயே 'பொறி செத்துவிட்டது' என்று அழைப்போர். கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் திரையின் மேலேயே ஒட்டி வைப்போர். படி எடுத்து வையுங்கள் என்று சொல்லச் சொல்லக் கேளாது, கோப்பு அழிந்தபின் கண்கலங்கி நிற்போர். இவர்கள் யாவரும் முதலில் கூறுவது ஒன்றேயாம்: "நான் ஒன்றுமே செய்யவில்லை, தம்பி."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் அலுவலகத்தில், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய கணக்கர் ஒருவர் இருக்கிறார். அறிமுகமற்ற மின்னஞ்சல் ஒன்றின் இணைப்பைத் திறந்து தம் பொறியைக் கெடுத்துக் கொண்டார். அது மூன்றாவது முறை. பொறுமையிழந்த நம் மாணவர், பலர் முன்னிலையில், "நீங்கள் படித்தவர்தாமே?" என்று கேட்டுவிட்டார். அதன்பின் அக்கணக்கர் உதவிக்கு அழைக்கவே இல்லை. நான்கு மாதம் கழித்து மற்றொரு கேடு அவர் பொறியில் நுழைந்தபோது, இரண்டு நாள் எவரிடமும் சொல்லாது மறைத்திருக்கிறார். உடனே சொல்லியிருந்தால் ஒரு பொறியோடு போயிருக்கும். அந்தப் பிரிவின் கணக்குகள் அனைத்தும் போயின. "இதில் பிழை யாருடையது, ஹஜ்ரத்?" என்றார்.

உடனே விடை கூற எனக்கு இயலவில்லை.

அரபு நூல்களில் குற்றத்தை எடைபோடப் புகுந்த அறிஞர்கள், அறியாமை வேறு, மறதி வேறு, கைப்பிசகு வேறு, வேண்டுமென்றே செய்வது வேறு எனப் பிரித்தறிந்த பின்னரே தீர்ப்பை நாடுவர். கணிப்பொறியின் முன் அமர்ந்து தடுமாறுகிறவரை நாமோ 'மூடர்' என்னும் ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். பொறி எவ்வாறு அமைந்திருக்கிறது என்று கேட்பதே இல்லை.

2000ஆம் ஆண்டு மே 4 அன்று, 'உன்னைக் காதலிக்கிறேன்' என்னும் தலைப்புத் தாங்கிய மின்னஞ்சல் ஒன்று மணிலாவிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சலையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. 'காதல் கடிதத்தை ஆராயாது திறந்த அறிவிலிகள்' என்று மக்களை எள்ளி நகையாடினர். ஆனால், அக்கோப்பின் பெயர் வெறும் எழுத்துக் கோப்பின் ஈற்றோடு முடிவதாகவே கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பின்னால் இருந்த மெய்யான ஈறு, ஏவியதைச் செய்யும் கட்டளைக் கோப்பு இது என்று காட்டிக் கொடுத்திருக்கும். அந்த ஈற்றைக் காட்டாது மறைப்பதே விண்டோஸின் இயல்பான அமைப்பாக இருந்தது! கதவின் பெயர்ப்பலகையை மறைத்துவிட்டு, தவறான வீட்டில் ஏன் நுழைந்தாய் என்று கேட்பது என்ன நீதி?

இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்கிய விமானிகள் சிலர், இறங்கிய பின் இறக்கையின் மடிப்பை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கி விமானத்தைத் தரையில் சாய்த்தனர். 'விமானியின் தவறு' என்றே எழுதப்பட்டது. அல்போன்ஸ் சபானிஸ் என்னும் உளவியலார் ஆராய்ந்தபோது, அவ்விரு விசைகளும் அருகருகே ஒரே வடிவில் இருக்கக் கண்டார். ஒன்றின் நுனியில் சக்கர வடிவையும் மற்றதன் நுனியில் ஆப்பு வடிவையும் பொருத்தியதும் அத்தவறு நின்றது. விமானிகளை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

இது நம் போன்ற ஆசிரியர்களுக்குப் புதிதன்று. உயிர்க்குறி இல்லாத அரபு வரியைப் பிழையாக வாசித்த மாணவனை நானும் இளமையில் கடிந்திருக்கிறேன். ஆனால் 7ஆம் நூற்றாண்டில், மக்கள் பிழைபட ஓதக் கேட்ட அபுல் அஸ்வத் அத்துஅலீ, எழுத்துக்கே புள்ளியிட்டார் என்பதன்றோ நாம் கற்ற இலக்கண வரலாறு! ஓலைச்சுவடியில் புள்ளியின்றி எழுதிய நம் தமிழை வாசித்துத் தடுமாறியோரையும் ஈண்டு நினைக்கலாம்.

கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஒட்டியவர்கள் கதையும் இத்தகையதே. 2003இல் அமெரிக்கத் தர நிர்ணயக் கழகத்தில் பணியாற்றிய பில் பர் என்பவர் ஒரு வழிகாட்டி எழுதினார். கடவுச்சொல்லில் எண்ணும் குறியும் கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்னும் விதிகள் அதிலிருந்தே அலுவலகங்களெங்கும் பரவின. மனித நினைவுக்கு அடங்காத அவ்விதிகளுக்கு மக்கள் கண்ட மருந்துதான் அந்த ஒட்டுத்தாள். 2017இல் அக்கழகம் விதியைத் திருத்தியது. தாம் எழுதியவற்றுள் பெரும்பகுதிக்காக வருந்துவதாகப் பர் அவர்களும் அவ்வாண்டில் வெளிப்படையாகக் கூறினார். அத்தகைய நேர்மை அரிது.

இவ்வளவும் கூறியதால், கையாளுவோர் யாவரும் குற்றமற்றவர் என்று நான் வாதாடுவதாகக் கொள்ளற்க. படியெடுக்கத் தெரிந்தும், நேரமிருந்தும், 'பார்த்துக் கொள்ளலாம்' என்று பொடுபோக்காக இருந்தவர் தம் இழப்பைத் தாமே சுமக்க வேண்டியவர். பொய்யுரைத்து உதவ வந்தவரின் அரைநாளை வீணாக்கியவர் அவருக்குக் கடன்பட்டவர். மேலும், உதவுகிறவரும் மனிதரே. ஒரு நாளில் எத்தனை அழைப்பை முடித்தார் என்று எண்ணும் மேலதிகாரி, கற்பிக்கும் நேரத்தை அவருக்குத் தருவதில்லை. அவர் உள்ளத்தில் சலிப்பு எழுவதை நான் குறை கூறேன். அச்சலிப்பு பிறர் காதில் ஏளனமாக விழுவதே வேறு விஷயம். ஏளனத்துக்கு அஞ்சுகிறவர் பிழையை நிறுத்துவதில்லை, சொல்வதை நிறுத்திவிடுகிறார்.

"அப்படியானால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? இணைப்பைத் திறந்தவன் நானல்லவே" என்றார் மாணவர்.

"திறந்ததற்கு அவரும், திறக்க இடம் வைத்தவர்களும் பொறுப்பு. அந்த இரண்டு நாள் மௌனத்தில் உமக்கும் பங்கு உண்டு" என்றேன்.

அவர் மறுமொழி கூறாமல் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து சென்றார். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். கணக்கரின் மேசைக்குச் சென்றாராம். இவர் வாய் திறக்குமுன்பே அவர், "இன்று நான் எதையும் தொடவில்லை, தம்பி" என்று எழுந்து நின்றாராம். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமர்ந்திருக்கிறார். சிறிது நேரம் வேறு ஏதேதோ பேசிய பின், மூன்று நாளாகத் திறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வைத்திருந்த ஒரு மின்னஞ்சலைக் கணக்கர் மெல்லத் திரையில் காட்டினாராம்.