எட்டு போட்டவர் எதை நிரூபித்தார்?

செஞ்சிக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது 2025 ஜூலையில். மராட்டியர் காலத்துப் படை அரண்கள் என்ற தொகுப்பில் இடம்பெற்ற 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும்தான். ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் அண்ணாந்து பார்த்தபடியே தினமும் பால் வாங்கப் போகிறவருக்கு இந்த அறிவிப்பு புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. கோட்டையின் பெருமை அவர் பிறந்ததிலிருந்தே தெரிந்ததுதான். சான்றிதழ் தேவைப்பட்டதெல்லாம் கோட்டையைப் பார்த்தறியாத உலகத்துக்கு.

கோட்டைக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கிறது, சற்றுக் கசப்பாக. செஞ்சிக்காரர் ஒருவர் பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்.எல்.ஆர். வாங்கி, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியில் எட்டு வடிவம் போட்டுக் காட்டி, முறைப்படி லைசென்ஸ் எடுத்தவர். திண்டிவனம் சாலையில் கரும்பு டிராக்டருக்கும் அரசுப் பேருந்துக்கும் நடுவே புகுந்து வரத் தெரிந்தவர். வேலை கிடைத்து ஜெர்மனி போகிறார். அங்கே குடியேறிய ஆறு மாதம் வரை அவருடைய இந்திய உரிமம் செல்லும். அதற்கு மறுநாள் அதே காரை அதே தெருவில் எடுத்தால் அவர் உரிமமில்லாமல் ஓட்டுகிறவர். பிரிட்டன் என்றால் கெடு 12 மாதம். ஐக்கிய அரபு அமீரகத்திலோ குடியிருப்பு விசா வந்தபின் இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் தொட முடியாது; பெரும்பாலும் பயிற்சியும் தேர்வும் புதிதாகத் தொடங்க வேண்டும். நாற்பது வயதுக்காரர் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து தேர்வு எழுதுகிறார்.

ஒரே இரவில் அவருக்கு ஓட்டத் தெரியாமல் போய்விட்டதா? கண்ணும் காலும் கையும் நேற்று இருந்தபடியேதான் இருக்கின்றன. அப்படியானால் காலாவதியானது எது?

இந்தக் கேள்வியை அரசு அலுவலகங்கள் கேட்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தியத் தத்துவவாதிகள் வேறு வடிவில் கேட்டுவிட்டார்கள். ஓர் அறிவு சரியானது என்பது எப்படித் தெரிகிறது? தானாகவே தெரிகிறதா, வேறொன்று வந்து சொல்ல வேண்டுமா? மீமாம்சகர்கள் முதல் கட்சி. அறிவு தன் உண்மையைத் தானே சுமந்துகொண்டு வருகிறது, பொய் என்று பிற்பாடு காட்டப்படும் வரை அதை நம்பலாம் என்பார்கள். நியாய மதத்தார் எதிர்க்கட்சி. அறிவு வந்துவிட்டால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்திப் பார்த்துப் பலித்தால்தான் உண்மை என்பார்கள். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ வெளிநாட்டு உரிமத்தை ஏற்றுக்கொள்ளும்போது ஐரோப்பிய அரசு மீமாம்சகர். கெடு முடிந்த மறுநாள் அது நியாயவாதியாகிவிடுகிறது.

மூன்றாவது பதில் ஒன்று உண்டு. அதைச் சொன்னவர்கள் சமணர்கள். செஞ்சி வட்டாரத்தில் இதைப் பேசுவது பொருத்தமும்கூட. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இங்கேதான், மேல்சித்தாமூரில் இருக்கிறது. அதன் பெயர் ஜினகாஞ்சி மடம். காஞ்சிபுரத்திலிருந்து இடம் பெயர்ந்து வந்தது என்பது மரபு. ஊர் மாறியும் பழைய ஊரின் பெயரை விடவில்லை.

திகம்பர சமணத் தர்க்கவாதி மாணிக்கியநந்தி ‘பரீட்சாமுகம்’ என்ற சூத்திர நூலில் இரு கட்சிக்கும் இடம் கொடுத்துத் தீர்ப்பு எழுதினார். பழகிய இடத்தில் அறிவின் உண்மை தானாகவே விளங்கும். பழகாத இடத்தில் பிறிதொன்றின் துணையால் விளங்கும். உரையாசிரியர்கள் இதற்குக் குளத்தை உதாரணம் காட்டினார்கள். சொந்த ஊர்க் குளத்தில் தண்ணீர் இருப்பதைப் பார்த்தவன் அது தண்ணீர்தானா என்று யோசிப்பதில்லை, நேரே இறங்குகிறான். அறியாத ஊரில் தூரத்தில் பளபளப்பது தண்ணீரா கானலா என்பதற்கு அவனுக்குத் துணைச் சாட்சிகள் வேண்டும். பெண்கள் குடத்தோடு வருகிறார்களா, தவளைச் சத்தம் கேட்கிறதா, தாமரை வாசம் வருகிறதா என்று பார்க்கிறான். செஞ்சிக்கோட்டையின் செட்டிக்குளத்துக்கும் சக்கரக்குளத்துக்கும் ஊர்க்காரர் கண்ணே போதும். வெளியூர்க்காரருக்கு வழிகாட்டிப் பலகை வேண்டும்.

சாலையும் அப்படித்தான். வண்டி ஓட்டுவது கியரையும் பிரேக்கையும் அறிவதோடு முடிந்துவிடுவதில்லை. எதிரே வருகிறவர் அடுத்த நொடி என்ன செய்வார் என்று கணிப்பதுதான் அதில் பெரும் பகுதி. தமிழ்நாட்டில் எதிரே வரும் லாரி லைட் அடித்தால், ‘நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ நில்’ என்று அர்த்தம். பிரிட்டனில் எதிரே வருகிறவர் லைட் அடித்தால் பெரும்பாலும், ‘நீங்கள் போங்கள், நான் நிற்கிறேன்’ என்று அர்த்தம். அந்நாட்டுச் சாலை விதிப் புத்தகம் இதை ஒப்புக்கொள்வதில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று அறிவிக்க மட்டுமே விளக்கை அடிக்கலாம் என்கிறது. ஆக, ஒரே வெளிச்சத்துக்கு மூன்று பொருள். ஹாரனும் அப்படியே. நம் லாரிகளின் முதுகில் ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதியே வைத்திருக்கிறது. ஜெர்மனியில் ஊருக்குள் ஆபத்து இல்லாமல் ஹாரன் அடிப்பது விதிமீறல். அங்கே பலகையோ சிக்னலோ இல்லாத குடியிருப்புத் தெரு முனையில், வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். அவர் சைக்கிளில் வந்தாலும் சரி. செஞ்சியில் பதினைந்து வருடம் ஓட்டினாலும் இது கைக்கு வராது. திறமை கூடவே வந்திருக்கிறது, ஆனால் அது பழகிய இடம் கூட வரவில்லை. மாணிக்கியநந்தியின் கணக்குப்படி தேர்வு கேட்பது நியாயம்தான்.

இதோடு விஷயம் முடிந்திருந்தால் யாருக்கும் மனக்குறை இருக்காது. எல்லோரிடமும் கேட்பதில்லை என்பதுதான் சிக்கல். பிரிட்டனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள நாட்டுக்காரர் தேர்வே எழுதாமல் விண்ணப்பமும் கட்டணமும் கொடுத்து உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்து, ஜப்பான், சிங்கப்பூர், தென்கொரியா எல்லாம் அதில் உண்டு. 2021-இல் ஐக்கிய அரபு அமீரகமும் உக்ரைனும் சேர்க்கப்பட்டன. இந்தியா இல்லை. இத்தனைக்கும் பிரிட்டனைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிற நாடு இந்தியா. சுவிட்சர்லாந்தும் அமீரகமும் வலப்பக்கம் ஓட்டுகிறவை. நம் செஞ்சிக்காரர் துபாயில் தேர்வு எழுதி அங்கே உரிமம் பெற்றுவிட்டு லண்டன் போனால் அட்டையை மாற்றிக்கொள்ளலாம். செஞ்சியிலிருந்து நேரே போனால் முடியாது. ஆள் அதே ஆள்தான். லண்டன் பார்ப்பது அவருக்குச் சான்று சொன்னது யார் என்பதைத்தான்.

சாட்சியின் மதிப்பு ஆளின் மதிப்பாகிவிடுவது செஞ்சி ஏற்கெனவே கண்ட காட்சி. பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மர்த்தேன் 1674-இல் புதுச்சேரியில் கால் ஊன்றியது பீஜப்பூரின் அதிகாரி ஷேர்கான் லோடி தந்த இசைவின் பேரில். 1677-இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார், ஷேர்கானையும் தோற்கடித்தார். மர்த்தேனின் கிடங்கில் இருந்த சரக்கு மாறவில்லை, அவருடைய வியாபாரத் திறமையும் குறையவில்லை. ஆனால் அவருக்கு வாக்குக் கொடுத்தவர் போய்விட்டார். மர்த்தேன் தூது அனுப்பி, புதிய ஆட்சியிடம் அனுமதியைப் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. 1690-இல் ஆங்கிலேயர் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியதும் அப்போது செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடம்தான்; பிற்பாடு அதுவே புனித டேவிட் கோட்டையானது. அனுமதிச் சீட்டில் வியாபாரியின் பெயர் இருந்தாலும் அதன் உயிர், முத்திரை வைத்தவரின் கையில் இருந்தது.

இந்தியாவின் முத்திரையைப் பிற நாடுகள் ஏன் தயங்கிப் பார்க்கின்றன என்பதற்குப் பதில் நமக்கே தெரியும். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. எட்டு போடாமலே லைசென்ஸ் வந்த கதைகள் எந்த ஊர் டீக்கடையிலும் கிடைக்கும். ஆனால் ஒழுங்காக எட்டு போட்டு, பதினைந்து வருடத்தில் ஒரு கீறலும் இல்லாமல் ஓட்டியவர், ஊரார் செய்த விபத்துகளுக்கு ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

சமணம் இங்கே மிகக் கறாரானது. ஒருவர் வினையின் பயனை இன்னொருவர் அனுபவிக்க முடியாது. நல்வினைக்கும் தீவினைக்கும் அதே விதி. திதி கொடுத்து முன்னோரைக் கரையேற்றலாம் என்று நம்புகிறவர்களோடும், புண்ணியத்தைப் பிறருக்கு ஈந்துவிடலாம் என்ற பௌத்தர்களோடும் சமணர்கள் இதில் உடன்பட்டதில்லை. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் இதைப் பாறையிலேயே பார்க்கலாம். பெரிய பாறை ஒன்றில் இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டாக 24 தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அதே குன்றில் சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு இருக்கிறது. இன்னொரு கல்வெட்டு, 30 நாள் நோன்பிருந்த இளையபட்டாரரைப் பற்றியது. 57-ஐயும் 30-ஐயும் கூட்டிப் பங்கு போடவில்லை. ஒருவர் நோன்பிலிருந்து ஒரு நாளைக்கூட மற்றவர் கணக்கில் வரவு வைக்கவில்லை. அவரவர் நோற்றது அவரவர் பெயரில் நிற்கிறது.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் வழக்கமான மனக்குறை தலைகீழாகிறது. தேர்வு எழுதச் சொன்னதை அவமானம் என்றும், அட்டையை மாற்றித் தருவதை மரியாதை என்றும் குடியேறியவர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் தேர்வாளர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து பார்ப்பது இந்த ஒருவருடைய கையையும் கண்ணையும்தான். அவருடைய நாட்டின் விபத்துக் கணக்கு அந்தக் காருக்குள் ஏறுவதில்லை. பட்டியலின் தயவில் மாற்றிக்கொள்கிற சுவிஸ்காரரையோ யாரும் பார்ப்பதே இல்லை. அவர் கணக்கில் வரவாவது அவருடைய நாட்டார் சேர்த்த புண்ணியம். இருவரில் தன் வினையால் உரிமம் பெற்றவர் செஞ்சிக்காரர். குறை சொல்ல வேண்டுமென்றால், வலப்பக்கம் ஓட்டிப் பழகிய சுவிஸ்காரருக்கும் இடப்பக்கச் சாலை பழகாத இடம்தானே, அவரை ஏன் விட்டார்கள் என்று கேட்பதுதான் சரி. ஜெர்மனியின் ஏற்பாடு இதில் பாதிக் கிணறு தாண்டியிருக்கிறது. பட்டியலில் இல்லாத நாட்டு உரிமக்காரர் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் தர வேண்டும். ஆனால் புதியவர்களுக்குக் கட்டாயமான பயிற்சி வகுப்பு மணிகள் அவருக்குக் கட்டாயமில்லை. கை பழகியது என்று நம்புகிறார்கள், இடம் பழகிவிட்டதா என்று மட்டும் சோதிக்கிறார்கள்.

தேர்வில் தேறியபின் இன்னொரு சங்கடம் உண்டு. ஜெர்மன் உரிமத்தைக் கையில் வாங்கும்போது பழைய அட்டையை ஒப்படைக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காகப் பலருக்கு மனம் கனக்கிறது. சமண ஆசிரியர் சமந்தபத்திரர் ‘ஆப்த மீமாம்சை’யில் இப்படியொரு சங்கடத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்கிறார்கள். குடத்தை விரும்பியவர் வருந்துகிறார், மகுடத்தை விரும்பியவர் மகிழ்கிறார், பொன்னை மட்டும் விரும்பியவர் சும்மா இருக்கிறார். அழிந்ததும் தோன்றியதும் நிலைத்ததும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் நடந்தவை. மூவரின் மனநிலைக்கும் காரணம் இருக்கிறது, எதுவும் மடமையில்லை. அட்டையைக் கொடுத்தவர் வருந்துவதும் அப்படித்தான். அவருடைய பதிவு இந்திய அரசின் ‘சாரதி’ தளத்தில் அழியாமல் இருக்கிறது என்ற தகவல் அவரைத் தேற்றிவிடாது.

பத்து வருடம் கழித்து அவர் செஞ்சிக்கே திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, காலாவதியாகி ஓராண்டுக்கு மேலாகிவிட்ட இந்திய உரிமத்தைப் புதுப்பிக்க மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஆனால் அதே 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, அயல்நாட்டு அதிகாரி முறையாக வழங்கிய உரிமத்தை வைத்திருப்பவருக்கு ஓட்டுத் தேர்வு வேண்டாம் என்று விலக்களிக்கிறது. எந்த நாடு என்ற பட்டியல் அதில் இல்லை. உலகத்தார் நம்மிடம் நியாயவாதியாக நடந்துகொள்ள, இந்தியச் சட்டம் உலகத்தாரிடம் மீமாம்சகராக நடந்துகொள்கிறது. ஆக, செஞ்சியில் கற்ற ஓட்டத்துக்குச் செஞ்சியிலேயே மறுதேர்வு. ஜெர்மனியில் வாங்கிய அட்டைக்கு இங்கே விலக்கு. இந்தப் பத்து வருடத்தில் அவருடைய கை வலப்பக்கச் சாலைக்குப் பழகிவிட்டது, எதிரே லாரி லைட் அடித்தால் என்ன அர்த்தம் என்பது மறந்திருக்கவும் கூடும். மாணிக்கியநந்தியிடம் கேட்டால், இப்போது அவருக்குப் பழகாத இடம் செஞ்சிதான், எட்டு போடச் சொல்லுங்கள் என்றிருப்பார்.