பொறி கலங்கியவனின் சொல்

மண்டையில் அடிபட்டவனைப் பார்த்து எங்கள் ஊரில் "பொறி கலங்கிடுச்சுடா இவனுக்கு" என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். கூட்டத்தில் ஆயா ஒருத்தி மட்டும் "வாந்தி எடுத்தானா?" என்று கேட்பாள். இல்லை என்றால் கதை முடிந்தது. வெளியே புடைத்திருந்தால் இன்னும் நிம்மதி, அடி உள்ளே போகவில்லையாம்.

பொம்மையார்பாளையத்தில் நாங்கள் கபடி கற்றது கடற்கரை மணலில். எப்படி விழுந்தாலும் மணல் வாங்கிக்கொள்ளும். எண்பதுகளின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டியதிலிருந்து வடக்கே மணல் குறைந்துகொண்டே வந்தது. நாங்கள் கோடு கிழித்து ஆடிய இடத்தில் இன்று அலை அடிக்கிறது. பள்ளிக்கூடப் போட்டிகளோ அன்றைக்கே ரோலர் ஓட்டி இறுக்கிய தரையில்தான் நடந்தன.

2005 ஆகஸ்ட், குறுவட்டப் போட்டி. நான் கேப்டன், லெஃப்ட் கார்னர். எங்கள் ரெய்டர் என் தெருக்காரன். அவன் இன்றும் ஊரில்தான் இருக்கிறான், அதனால் ரெய்டர் என்றே சொல்கிறேன். எட்டு நிமிடம் பாக்கி, ரெண்டு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். பாடிப் போனவனைத் தொடையோடு சேர்த்துப் பிடித்தார்கள். பக்கவாட்டில் ஒருவன் மோதினான். ரெய்டரின் தலை முதலில் எவனுடைய முழங்காலிலோ இடித்தது, அப்புறம் தரையில். சில விநாடி கிடந்துவிட்டு எழுந்தான். எழுந்து எதிரணிப் பக்கமாகவே நடந்தான். எல்லாரும் சிரித்தோம்.

பி.டி. சார் ஓடிவந்து மூன்று விரலைக் காட்டினார். "இது எத்தனடா?" "மூணு சார்." "உன் பேரு?" சொன்னான். பிறகு என்னைப் பார்த்தார். "இவன் ஆடுவானாடா?"

"ஆடுவான் சார்."

வெளியே உட்கார்ந்திருந்தவன் ரிவைவல் ஆகி உள்ளே வந்ததும் என்னிடம் கேட்டான்: "ஸ்கோர் இன்னா மச்சான்?" சொன்னேன். அடுத்த ரெய்டுக்கு முன்னால் அதையே மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன். கடைசி ரெண்டு பாயிண்டும் அவன் எடுத்ததுதான். ஒரு பாயிண்டில் ஜெயித்தோம். தோளில் தூக்கிக்கொண்டு போனோம். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தான்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். வெயிலைப் பார்த்தால் தலை வலிக்கிறது என்று பல வாரம் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். அரையாண்டுத் தேர்வு எழுதவில்லை. அந்த வருஷம் பிளஸ் டூவில் கணக்கில் போனான். அதற்கப்புறம் கடலுக்குப் போக ஆரம்பித்தான். அவன் படிப்பில் முன்பே சுமார்தான், அதையும் சொல்ல வேண்டும்.

மருத்துவத்தில் இதற்குக் கன்கஷன் என்று பெயர். மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மூளை, ஒரு திடீர் உலுக்கலில் அசைந்து தன் வேலையில் தடுமாறுகிறது. தலையில்தான் அடிபட வேண்டும் என்பதில்லை, உடம்பில் விழும் மோதலே போதும். பெரும்பாலானவர்கள் மயங்கி விழுவதே இல்லை. எலும்பு முறிவும் ரத்தக்கசிவும் ஸ்கேனில் தெரியும், கன்கஷன் பொதுவாகத் தெரியாது. "ஸ்கேன் நார்மல்" என்பதற்கு "ஒன்றுமில்லை" என்று அர்த்தமில்லை. பதின்ம வயதினர் தேறுவதற்குப் பெரியவர்களைவிட நாளாகும். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால் மூளை வீங்கிச் சாவதும் உண்டு. அரிதுதான், ஆனால் பதிவானவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்.

1995இல் டேவிட் மேடாக்ஸ் என்ற ஆஸ்திரேலியரும் சக ஆய்வாளர்களும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். அடிபட்ட ஆட்டக்காரனிடம் பேர், தேதி கேட்பதில் பெரிய பயன் இல்லை, கலங்கிய நிலையிலும் அவற்றைச் சரியாகவே சொல்லிவிடுவான். "இது எந்த மைதானம், எத்தனையாவது பாதி, கடைசியாக ஸ்கோர் எடுத்தது யார்?" என்று இப்போது நடப்பதைக் கேட்டால்தான் தடுமாறுவான். இதை நான் முப்பது வயதுக்கு மேல் ஒரு இரவில் படித்தேன். அப்புறம் தூங்கவில்லை. பி.டி. சார் தப்பான கேள்வியைக் கேட்டார், அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சரியான கேள்வியை ரெய்டரே என்னிடம் கேட்டான், அதுவும் ரெண்டு தடவை.

நான் வேலை செய்யும் துறையில் ஒரு பால பாடம் உண்டு. ஒரு சர்வர் ஒழுங்காக ஓடுகிறதா என்பதை அந்த சர்வர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. சிக்கலில் இருக்கும்போதும் அது 'ஓகே' என்றே பதில் அனுப்பலாம். வெளியிலிருந்து இன்னொன்று கண்காணிக்க வேண்டும். கணுக்கால் சுளுக்கியவன் "வலிக்கல, ஆடுறேன்" என்றால், தன் காலைப் பற்றித் தெளிந்த மூளையால் முடிவெடுக்கிறான் என்றாவது சொல்லலாம். தலையில் அடிபட்டவன் அதே வார்த்தையைச் சொல்லும்போது, எந்த உறுப்பு கெட்டதோ அதுவே சாட்சியும் சொல்கிறது, தீர்ப்பும் எழுதுகிறது. சுயவிருப்பம், தனிமனித உரிமை என்றெல்லாம் நானும் நண்பர்களோடு நள்ளிரவு வரை பேசுகிறவன்தான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அவனுடைய விருப்பம் என்று நாம் மதிப்பது எதை? அடிபடாத வேளையில் அவனிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பானோ, அதைத்தானே மதிக்க வேண்டும்?

நமக்கு இது கஷ்டம். விழுப்புண்ணைக் கொண்டாடிய மொழி நம்முடையது. 2002இல் ஆன்டிகுவாவில் உடைந்த தாடையைக் கட்டிக்கொண்டு கும்ப்ளே வந்து லாராவை அவுட்டாக்கியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கும்ப்ளேவின் கட்டு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, என்ன செய்கிறோம் என்று அவருக்கும் தெரிந்தது. புண்ணே தெரியாத அடிக்கு அந்த வீரக் கணக்கு செல்லாது.

பெரிய கிரிக்கெட்டே இதைத் தாமதமாகத்தான் கற்றது. 1998இல் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்ற ராமன் லாம்பா தலையில் பந்து பட்டு, தானே நடந்து வெளியே போனார். மூன்று நாளில் இறந்தார். 2019 ஆகஸ்டில்தான் சர்வதேச ஆட்டங்களில் கன்கஷனுக்கு மாற்று ஆட்டக்காரர் விதி வந்தது. அதே மாதம் லார்ட்ஸில் ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்ட ஸ்மித், சோதனைகளில் தேறித் திரும்பவும் ஆடவந்தார். அறிகுறி மறுநாள்தான் தெரிந்தது. அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். மருத்துவர் கூடவே இருக்கும் அணிக்கே இந்தக் கதி.

பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று யோசித்ததில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் முன்னோடி. 2006இல் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் ஃபுட்பால் ஆட்டத்தின் முதல் பாதியில் அடிபட்டான், இரண்டாம் பாதியில் மறுபடி ஆடினான், ஆட்டம் முடிந்ததும் சரிந்தான். உயிர் பிழைத்தாலும் பழைய உடல் திரும்பவில்லை. 2009இல் அவன் பெயரால் சட்டம் வந்தது. சந்தேகம் வந்தாலே வெளியேற்ற வேண்டும், மருத்துவ அனுமதி எழுத்தில் இல்லாமல் திரும்ப ஆட விடக் கூடாது. சில வருடங்களில் எல்லா மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டம் வந்துவிட்டது. "நீ ஆடுவியா?" என்று யாரும் அவனைக் கேட்க வேண்டியதில்லை, கேப்டனையும் கேட்க வேண்டியதில்லை.

சென்னையில் ஒரு நண்பன் இதற்கு சென்சார் செய்யலாம் என்றான். ரக்பியில் 2024 முதல் பல்காப்புக்குள் சென்சார் வைத்து மோதலின் வேகத்தை அளக்கிறார்கள். நல்லதுதான். எங்கள் பள்ளிக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும் என்றேன். தேதி, எந்த ஆட்டம், எப்படி விழுந்தான், என்ன கேட்டோம், என்ன சொன்னான், வீட்டில் யாரிடம் சொன்னோம். மறுநாள் தலைவலிக்கிறதா என்று இன்னொரு வரி. ஆனால் அந்த நோட்டை யார் எழுதுவார்? நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பி.டி. சார். எழுதிய வரியே நாளைக்குத் தனக்கு எதிரான சாட்சியாகும் என்று அவர் பயந்தால், நோட்டு காலியாகவே இருக்கும். எங்கள் துறையில் சர்வர் விழுந்தால் எழுதும் அறிக்கையில் 'யார் தப்பு' என்ற கேள்வியே வரக் கூடாது என்பார்கள். அப்போதுதான் ஆட்கள் உண்மையை எழுதுவார்கள். ஒரு பிள்ளையின் தலை விஷயத்தில் அப்படி இருக்கப் பெற்றோரிடம் கேட்க முடியுமா? எனக்குப் பதில் இல்லை.

வெளியே உட்காருவதற்கு ஒரு விலையும் இருக்கிறது. மாவட்ட, மாநிலச் சான்றிதழ் ஒன்று கல்லூரி சீட்டாகலாம். அரசு வேலையில் இன்று 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. மீனவத் தெருப் பையனிடம் போய் "உடம்பைப் பார்த்துக்கோ" என்று பெங்களூரிலிருந்து நான் சொல்வது சுலபம். அடிபட்டு உட்கார்ந்தவனுக்கும் அணியோடு சேர்த்துச் சான்றிதழ் உண்டு என்று முதலில் சொல்லுங்கள். இல்லையென்றால் அவன் பொய் சொல்வான். அவன் கேப்டனும் சொல்வான்.

என் பொய்யால் அவன் வாழ்க்கை மாறியதா? மாறியது என்று சொல்ல ஆதாரம் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. அன்றைக்கு யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவன் வலை பிரித்துக்கொண்டிருந்தான். அந்த ஆட்டத்தின் கடைசிப் பகுதி அவனுக்கு நினைவே இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் இத்தனை வருஷமாக நான் சொன்ன கதைதான்: கடைசி ரெய்டு, ஒரு பாயிண்ட், தோளில் தூக்கியது. அந்தக் கதையில் எப்போதும் விட்டுவிடும் பகுதியை அன்று சொன்னேன். ஸ்கோர் என்ன என்று அவன் ரெண்டு தடவை கேட்டதை, சார் கேட்டபோது நான் சொன்ன பதிலை.

வலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டாவது வாட்டி கேட்டப்ப நீ இன்னா சொன்ன?" என்றான்.

"ரெண்டு கம்மி, சீக்கிரம் போடான்னேன்."