ஈற்றுநாட் சிகிச்சையும் வினைக்கொள்கையும்

நிலத்திற்கும் மனைக்கும் நகைக்கும் உயில் எழுதிவைத்தல் அறிவுடைமை என்பதனை நம்முள் மறுப்பாரிலர். தம் உடம்பு இறுதிக்கண் எவ்வாறு பேணப்படல் வேண்டுமென எழுதிவைத்தல் மட்டும் அமங்கலமாகக் கருதப்படுகின்றது. இதனால் விளைவது யாது? முதியவர் ஒருவர் நினைவிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவிற் கிடக்கின்றார். செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தலாமா என மருத்துவர் நள்ளிரவில் வினவுகின்றார். அயல்நாட்டிலிருந்து தொலைபேசியிற் பேசும் மகன், இயன்றதெல்லாம் செய்க என்கின்றான். ஈராண்டு அருகிருந்து பணிசெய்த மகள், போதும் என்கின்றாள். இருவரும் பேசுவது அன்பினாலேயே. விடை அறிந்த ஒருவரோ வாய்திறக்க இயலாதவராயினார். கருமாதி முடிந்த பின்னரும் அவ்வழக்கு ஓயாது, உடன்பிறந்தார் ஆண்டுக்கணக்கிற் பேசாதிருத்தலைப் பல குடும்பங்களிற் காண்கின்றோம்.

சித்தாந்தம் பயின்றார்க்கு இந்நிலை வியப்பன்று. சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரப் பொருளாகிய அவத்தையிலக்கணத்தை நினைமின். கீழாலவத்தையில் உயிர் புருவநடுவினின்று இறங்குந்தோறும் கருவிகள் கழலும். சாக்கிரத்திற் கருவிகள் 35. கண்டத்தில் நிகழும் சொப்பனத்தில் 25. இருதயத்தில் நிகழும் சுழுத்தியில் 3. உந்தியில் நிகழும் துரியத்திற் பிராணனும் புருடனுமாக 2. மூலாதாரத்தில் நிகழும் துரியாதீதத்திற் புருடன் ஒன்றே. முதற்படி இறங்கும்போதே வாக்கும் கையும் உள்ளிட்ட பத்து இந்திரியங்களும் நின்றொழிகின்றன. மருத்துவர் கூறும் நினைவிழப்பும் இவ்வவத்தையும் முற்றும் ஒன்றே என நாம் சாதிக்க வரவில்லை. ஆயினும், கருவி கழன்ற உயிர் தன் கருத்தை வெளியிட மாட்டாது என்பது இரண்டிற்கும் பொது. ஆகலின் உரைத்தற்குரிய காலம் சாக்கிரமே.

இனி, அன்பர் சிலர் ஒரு தடை நிகழ்த்துவர்: "இவ்வுடம்பு பிராரத்தம் நுகர்தற்பொருட்டு வந்தது, கருவியை மறுத்தல் நுகர்வை இடையில் அறுத்தலாய்த் தற்கொலையோடு ஒக்கும்" என்பது. இத்தடை வலியுடையது, எள்ளி ஒதுக்கற்பாலதன்று. பிணியும் மூப்பும் சாக்காடும் கருவிலேயே அமைவன என்பது சிவஞானசித்தியார்க்கும் உடன்பாடு. அங்ஙனமாயின் மருந்தே வேண்டா என்பதோ? அன்று. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது, வினைப்பயன் என்று வாளாவிராது, பதிகம் பாடித் தீர்த்தருளினார் திருஞானசம்பந்தப்பெருமான். தீரும் நோய்க்கு மருந்து தேடுதல் வினைக்கொள்கைக்கு மாறாகாதென்பது அதனாற் பெறப்படும். நாம் ஈண்டுப் பேசுவதோ, மீளுதற்கு வழியில்லையென மருத்துவர் பலர் ஆய்ந்து துணிந்த நிலை. அங்கே கருவி நோயைத் தீர்ப்பதன்று. சாக்காட்டின் வாயிலை நீளச்செய்வது. வினை முடிந்த உடம்பைக் கருவி நிறுத்தமாட்டாது. வினை எஞ்சிய உயிர் கருவியின்றியும் நிற்கும். கருவியின்மேல் வினையை ஏற்றிச் சொல்வது நியதியை மின்சாரத்திற்கு அடிமையாக்குவதாகும்.

ஐந்தொழிலுட் சங்காரம் என்பதும் பிறந்திறந்து எய்த்த உயிர்களுக்கு இறைவன் தரும் ஓய்வே என்று நம்முடைய ஆசிரியர்கள் கொண்டனர். அவ்வோய்வைத் தானே விரைந்து பறித்தல் தவறு. ஆதலின் உயிர்போக்கும் மருந்தை ஊசிவழிச் செலுத்துதலை நாம் உடன்படோம். நம் நாட்டுச் சட்டமும் அதனை இசைவதில்லை. வரும் ஓய்வைத் தடுத்து நிற்றலும் கடமையன்று.

சட்டநிலையைச் சுருங்கக் கூறுதும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, மாண்புடன் இறத்தலும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின்பாற் பட்டதெனத் துணிந்து, முன்கூட்டி மருத்துவ விருப்பம் எழுதுதலை ஏற்றது. நீதித்துறை நடுவர் மேலொப்பமிடல் வேண்டும் என்ற விதி பலரைத் தடுத்தமையால், 2023-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள் அது தளர்த்தப்பட்டது. வயது நிரம்பித் தெளிந்த மனத்தோடுள்ளார் எவரும் இரு சாட்சிகள்முன் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ கெஸட்டட் அதிகாரியிடமோ சான்று பெறலாம். தமக்காகப் பேசுவோரையும் அதிற் குறித்தல் வேண்டும். மனம் மாறின் திரும்பப்பெறலாம். மருத்துவமனை அதனைச் செயற்படுத்துமுன் இரண்டு மருத்துவர் குழுக்கள் ஆராய்தல் வேண்டும் என்பதும் விதி. ஆதலால் பேராசை கொண்ட உறவினர் ஒருவர் தாமே முடிவுசெய்துவிடுவார் என அஞ்சற்க.

கருவியை மறுத்தல் பராமரிப்பை மறுத்தலாகாது. நோவும் மூச்சுத்திணறலும் வாய்வறட்சியும் தணிக்கப்படல் வேண்டுமென அப்பத்திரத்தில் வெளிப்படையாக எழுதுக. மார்பைன் என்னும் மருந்தைப் பழிக்கு அஞ்சி விலக்குவோர் இன்னும் உளர்; மருத்துவர் அளந்து தருங்கால் அது நோயாளியின் நோவை ஆற்றுவதேயாம். 1993-இற் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்தணிப்புப் பணி, இத்தகையோரை வீட்டிலேயே பேணலாம் என்பதற்கு நம் அண்டையிலுள்ள சான்று.

சைவர் அப்பத்திரத்தோடு தனித்தாளில் இன்னுஞ் சில எழுதலாம்: நெற்றியில் திருநீறு இடுவார் யார், செவியில் ஐந்தெழுத்து ஓதுவார் யார், எப்பதிகம் கேட்க விருப்பம், வீட்டிலா பிறிதோரிடத்திலா என்பன. தமக்காகப் பேசுவோராக, பாசம் மிக்கவரினும், பிறர் அழுகைக்கிடையே சொன்னசொல் மாறாது நிற்பவரைத் தெரிந்துகொள்க. எழுதிய தாளை இரும்புப்பெட்டியிற் பூட்டற்க. ஒரு படியைக் குடும்ப மருத்துவரிடம் கொடுத்து, மற்றொன்றை மனையாளும் மக்களும் அறிந்த இடத்தில் வைத்து, ஒருமுறை அவர்களை ஒருங்கிருத்திப் படித்துக் காட்டுக.