மறைத்தது எது?

2024ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் திகதி நள்ளிரவு கழிந்த வேளை. பழைய கல்லடிப் பாலத்தில் நாங்கள் சிலர் அண்ணாந்து நின்றோம். பௌர்ணமி கழிந்து சில நாளேயான நிலவு. அதன் பக்கத்தில் மங்கிய மஞ்சட் புள்ளியாகச் சனிக்கிரகம். நிலவு அதைக் கடந்து மறைக்கும் என்று வானியலார் முன்கூட்டியே கணித்திருந்தனர். "சனி மறைஞ்சா நல்லதுதானே சுவாமி, திரும்பி வராமலே கிடக்கட்டும்" என்றார் ஒரு பெரியவர். வாவிக்கரை வரை சிரிப்புக் கேட்டிருக்கும்.

நட்சத்திரம் ஒன்றை நிலவு மறைத்தால் அது கண்சிமிட்டும் நேரத்தில் போய்விடும். அதைப் படிப்படியாக மங்கச் செய்ய நிலவில் நம்முடையதைப் போன்ற காற்றுமண்டலம் இல்லை. கிரகமோ தொலைநோக்கியில் ஒரு சிறு வட்டமாகத் தெரியும். சனிக்கு வளையமும் உண்டு. ஆகவே அது ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் எடுத்துக் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே சென்றது. தேய்பிறையாதலால் ஒளியுள்ள விளிம்பிலே புகுந்து, இருண்ட விளிம்பிலே வெளிப்பட்டது. அந்த இருண்ட விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. ஒன்றுமேயில்லாத கறுப்பிலிருந்து ஓர் ஒளிமணி முளைத்தது போலவே இருந்தது. 3,474 கிலோமீற்றர் விட்டமுள்ள நிலவு, ஏறக்குறைய 1,20,000 கிலோமீற்றர் விட்டமுள்ள கிரகத்தை மூடியது, அருகில் நின்ற ஒரே காரணத்தால்.

குருமடத்தில் நாம் படித்த அரிஸ்டோட்டிலும் இத்தகைய காட்சியைக் கண்டவர். அரை நிலவு செவ்வாயை மறைத்ததையும், செவ்வாய் இருண்ட பக்கத்திற் புகுந்து ஒளியுள்ள பக்கத்தில் வெளிவந்ததையும் 'வானம் பற்றி' என்னும் நூலில் எழுதியிருக்கிறார். அது கி.மு. 357இல் நிகழ்ந்தது என்பது பிற்கால அறிஞர் கணிப்பு. அதிலிருந்து அவர் கண்ட முடிவு எளியது: மறைப்பது அருகில் இருக்கிறது, மறைவது தொலைவில் இருக்கிறது. மறைந்தது இல்லாமற் போய்விடவில்லை.

அடுத்த ஞாயிறு இதையே நான் பிரசங்கமாக்கினேன். மறைந்திருப்பது மீண்டும் வெளிப்படும், பொறுத்திருங்கள் என்றேன். நல்ல பிரசங்கம் என்று எனக்கே தோன்றியது. திருப்பலி முடிந்ததும் ஒரு முதிய தாய் வந்தார். 1990ஆம் ஆண்டு அவருடைய மகன் கூட்டிச் செல்லப்பட்டான், திரும்பவில்லை.

"சுவாமி, சனியை மறைச்சது நிலவு எண்டு எல்லாருக்கும் தெரியும். எத்தனை மணிக்கு வெளியில வருமெண்டும் தெரியும். என்ர பிள்ளையை மறைச்சது ஆரெண்டு சொல்லுங்கோ, நானும் பொறுத்திருக்கிறன்."

என்னிடம் பதில் இல்லை.

அந்த ஆண்டை மட்டக்களப்பு மறக்காது. நம் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, தேவமாதா விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற் போனார். உடன் வந்த இளைஞரும் போனார். குருவானவருக்கே இக்கதியென்றால், வயலுக்கும் வாவிக்கும் போன ஏழைப் பிள்ளைகளின் கணக்கு எங்கே?

பாலத்தில் நின்ற எங்களில் எவருக்கும் நம்பிக்கை தேவைப்படவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். எங்களிடம் கணக்கு இருந்தது. கணக்குத் தெரிந்தவனுக்குப் பொறுமை ஒரு புண்ணியமே அல்ல. அவன் மணிக்கூட்டைப் பார்த்தாற் போதும். எதிர்நோக்கின் பொருள் வருங்கால நன்மை, அடைய அரிய நன்மை, ஆயினும் அடையக்கூடிய நன்மை என்பார் புனித அக்குவினா தோமையார். அடையக்கூடியதா இல்லையா என்பதையே அறியவிடாமல் ஒரு தாயை முப்பது ஆண்டுக்கு மேல் நிறுத்திவிட்டு, 'நம்பு' என்று சொல்வது ஆறுதலா, அல்லது இன்னோர் அநியாயமா? உண்மையைத் தரவேண்டியவர்கள் தராதிருக்க, அவர்களுக்குப் பதிலாக நான் வானத்தைக் காட்டிவிட்டேன்.

மரணச் சான்றிதழ் எடுத்தால் மகனைக் கைவிட்டதாகுமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகாது. எடுக்க மறுப்பதும் பிடிவாதமல்ல. இறந்தார் என்று சொல்லாமல், காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைப் பெற 2016இல் சட்டத்தில் இடம் செய்யப்பட்டது. சட்டம் செய்தவர்களுக்கு அந்த அளவு இரக்கமாவது இருந்தது. ஆனால் எந்தக் கடதாசியும் மறைத்தது யார் என்று சொல்வதில்லை.

அத்தாயின் வீட்டுக்கு இடைக்கிடை போகிறேன். நிலவைப் பற்றியோ சனியைப் பற்றியோ பேசுவதில்லை. ஒரு கொப்பி கொண்டுபோகிறேன். மகனைக் கடைசியாகக் கண்ட இடம் எது, என்ன நாள், என்ன நேரம், பக்கத்தில் நின்றவர்கள் யார், அவன் உடுத்தியிருந்த சேட்டின் நிறம் என்ன என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதி வருகிறேன்.