சொல்லியும் மறைத்தல்

விற்பவன் அறிந்ததை வாங்குபவன் அறியாதிருத்தல் வணிகத்தோடு உடன்பிறந்த குறை. பானையில் விரிசல் உண்டா என்பதைக் குயவன் அறிவான். வாங்குபவளோ தட்டிப் பார்த்தே அறிய வேண்டும். அறிந்தவன் அறியாதவனுக்கு எவ்வளவு சொல்லக் கடமைப்பட்டவன் என்பது மிகப் பழைய வினா. இணையத்தில் கணினி வாங்க முனைவோர் இன்று படும் அல்லல், அவ்வினாவை மீண்டும் எழுப்புகிறது.

உரோம அறிஞர் சிசரோ, கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வழக்கை முன்வைக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் கப்பல் நிறையத் தானியத்தோடு அங்கு வந்து சேர்கிறான். வேறு பல கப்பல்களும் தானியத்தோடு வந்துகொண்டிருப்பதை அவன் வழியில் கண்டவன். அதனைச் சொன்னால் விலை இறங்கும். அவன் சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்கும் குறைகளைச் சொல்லிவிட்டால் போதும், பொய்யுரைக்காதவரை நல்ல விலைக்கு விற்பது குற்றமன்று என்பார் பாபிலோனிய டயோஜனிஸ். அவருடைய மாணவர் அன்டிபேட்டர் அதனை ஏற்கவில்லை. வாங்குபவர் அறிய வேண்டிய எதையும் விற்பவன் மறைத்தல் தகாது என்பது அவர் கொள்கை. சிசரோவும் மாணவர் பக்கமே சாய்கிறார்.

ஆயினும் ஆசிரியர், மாணவர் இருவரும் ஒன்றைக் கருதவில்லை. வாயை மூடிக்கொண்டால்தான் செய்தி மறையும் என்றே இருவரும் எண்ணினர். எல்லாவற்றையும் சொல்லியே ஒன்றை மறைக்கலாம் என்பதற்கு அவர்கள் காலத்துச் சந்தையில் இடமில்லை.

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேரவிருக்கும் மகளுக்காகத் தந்தை ஒருவர் இரவு உணவுக்குப்பின் மடிக்கணினி தேட அமர்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். திரையில் நூற்றுக்கணக்கான கணினிகள் வரிசையிடுகின்றன. ஒரே பெயருடைய இரண்டுக்கு இடையே எண்பது வெள்ளி வேறுபாடு. ஏன் என்று விளங்கவில்லை. விவரங்களுக்குப் பஞ்சமே இல்லை. செயலி, நினைவகம், சேமிப்பகம், திரையின் ஒளி, எடை என்று நாற்பது வரிகள் ஓடுகின்றன. வாங்கியோர் கருத்துகளைப் படித்தால், “விரைவில் வந்து சேர்ந்தது” என்று ஐந்து விண்மீன்களை வாரி வழங்கியிருக்கிறார்கள். பாராட்டு பொருளுக்கா, கொண்டுவந்து கொடுத்தவருக்கா? இதற்கிடையில் மூலையில் ஒரு கடிகாரம், சலுகை முடிய இன்னும் இரண்டு மணி நேரமே என்று அவரை விரட்டுகிறது.

அந்த நாற்பது வரிகளில் பொய் ஒன்றுகூட இல்லாதிருக்கலாம். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. ஏஎம்டி நிறுவனம் 2022இல் தன் மடிக்கணினிச் செயலிகளுக்குப் புதிய எண்முறை ஒன்றை வகுத்து வெளியிட்டது. அதன்படி ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7540யூ என இரண்டு செயலிகள் வந்தன. பார்ப்பவருக்கு இரண்டும் உடன்பிறப்புகள். ஆனால் முன்னதன் உள்ளமைப்பு 2019ஆம் ஆண்டைச் சார்ந்தது. பின்னதன் உள்ளமைப்பு 2022ஆம் ஆண்டினது. இவ்வேறுபாட்டை உணர்த்துவது நான்கு இலக்கங்களுள் மூன்றாவது. முதலில் நிற்கும் ஏழோ, இரண்டும் புதியவை என்ற எண்ணத்தையே தருகிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 என்னும் மடிக்கணினி வரைகலைச் செயலியோ, ஒரே பெயரில் 35 வாட் முதல் 115 வாட் வரை மின்னாற்றல் பெறுமாறு பொருத்தப்படுகிறது. மின்னாற்றல் குறைந்தால் வேகமும் குறையும். 512 ஜிகாபைட் என்று வாங்கிய சேமிப்பகத்தைக் கணினி 476 என்று காட்டுவதும் இவ்வகையே. விற்பவர் ஆயிரத்தால் பெருக்க, விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. இது சிறு குறைதான். ஆனால் கணக்கு எப்போதும் விற்பவருக்குச் சாதகமாகவே முடிவதைக் கவனிக்காமல் இருக்க இயலாது.

எல்லாம் எழுதியிருக்கிறதே, படித்துப் புரிந்துகொள்ளாதது வாங்குபவர் குற்றமல்லவா என்பர் சிலர். ஒரு மணி நேரப் பாடத்தில் ஓராண்டுப் பாடத்தையும் ஒப்பித்துவிட்டு வெளியேறும் ஆசிரியர், நான் சொல்லத்தானே சொன்னேன் என்றால் அதனைக் கற்பித்தல் என்று எவரும் ஏற்பதில்லை. வள்ளுவரும் வாய்மைக்கு இலக்கணம் வகுக்கையில், சொல் நிகழ்ந்தவாறு அமைந்ததா என்பதோடு நிற்கவில்லை. அது பிறருக்கு என்ன விளைக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொண்டார்.

இங்கு நடுவுநிலை தவறலாகாது. கணினி இயல்பாகவே நுட்பமான பொருள். மெல்லிய கணினிக்குள் மிகுந்த வெப்பம் அடங்காது. ஆகவே ஒரே செயலியைக் குறைந்த மின்னாற்றலில் இயக்குவதில் வஞ்சம் ஏதும் இல்லை. பொருளின் சிக்கல் வேறு, பெயரின் சிக்கல் வேறு. முன்னது இயற்கை, பின்னது மனிதர் தேர்ந்துகொண்டது. எளிதாகச் சொல்லியிருக்கக் கூடியதை அரிதாகச் சொல்லி, அந்த அருமையால் ஆதாயம் காண்பவர், எந்த நோக்கத்தோடு பெயரிட்டிருந்தாலும், ரோட்ஸ் வணிகன் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

பழைய கடைத்தெருவே நேர்மையின் இருப்பிடம் என்று ஏங்குவதற்கும் இல்லை. 2014இல் சிங்கப்பூரின் சிம் லிம் சதுக்கத்தில் கைப்பேசி வாங்கிய வெளிநாட்டுப் பயணி ஒருவர், பணத்தைத் திருப்பித் தருமாறு மண்டியிட்டு அழுத காட்சி ஊரையே உலுக்கியது. எனினும் அக்கடை உரிமையாளர், பலரை ஏமாற்றிய குற்றத்துக்காக 2015இல் சிறை சென்றார். அங்கே சுட்டிக்காட்ட ஒரு முகம் இருந்தது. குற்றத்துக்கு ஒரு பெயரும் இருந்தது. இணையத்தில் கணினி வாங்கியவர் மனம் நொந்து யாரிடம் போவது? செய்தவர் ஒருவர், விற்றவர் ஒருவர், விற்க மேடை தந்தவர் ஒருவர், கொண்டுவந்தவர் ஒருவர். மண்டியிடவும் ஆளில்லை. 2012இல் சிங்கப்பூரில் நடைமுறைக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டம், ஒப்புக்கொண்டவாறு அமையாத பொருளுக்கே தீர்வு தருகிறது. இங்கோ பொருள் விவரித்தவாறே வந்து சேர்ந்திருக்கிறது. மூன்றாம் இலக்கம் தொடக்கம் முதலே அங்கேதான் இருந்தது.

எளிதாகச் சொல்லவைப்பது இயலாத செயலன்று. பானங்களில் உள்ள சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் ஏ முதல் டி வரையிலான ஓர் எழுத்தால் தரம் பிரிக்கும் முறை, 2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் நடப்பில் உள்ளது. தரம் தாழ்ந்த பானங்கள் அவ்வெழுத்தைக் கட்டாயம் தாங்கியே விற்பனைக்கு வருகின்றன. பாட்டி முதல் பேரன் வரை அந்த எழுத்தைப் பார்த்தே பானத்தை எடுக்கலாம். செயலியின் உள்ளமைப்பு எந்த ஆண்டினது என்பதை அதன் பெயருக்கு அருகில் குறிப்பதற்கு நான்கு இலக்கங்களே வேண்டும். நாற்பது வரிகளுக்கு இடமுள்ள பக்கத்தில் அதற்கும் இடமுண்டு.